கடகத்தில் வந்த இளவரசன்

அப்பா சந்தையில் வாங்கிவந்த புதுக் கடகத்தில் மச்சாள் வெங்காயத்தைக் கொட்டிவைத்தாள்.

வேறொரு வீட்டில் இது ஒரு செய்தியே இல்லை. பனையோலைக் கடகத்தில் வெங்காயம் கிடக்காமல் வேறென்ன கிடக்கும்? எங்கள் வீட்டில் அது சண்டைக்கு அழைப்பு. அண்ணை குசினி வாசலில் நின்று கடகத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு வலை தைக்கிற சாட்டில் பின்வளவுக்குப் போய்விட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் உள்ளே வந்து, குந்தியிருந்து, வெங்காயத்தை எடுத்துச் சுளகில் போட்டார். கடகத்தைக் கவிழ்த்துத் தட்டித் தோல்களை உதிர்த்து, மாதா படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அவர் வெளியே போனதும் மச்சாள் எழுந்துபோய், அதே வெங்காயத்தை அதே கடகத்தில் மறுபடி கொட்டினாள். அவள் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

கடகம் அந்தப் பிள்ளைக்காக வாங்கப்பட்டது.

எங்கள் குடும்பத்தில் முதல் ஆண்பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானத்துக்கு முன்பு ஒருநாள் அதைக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். புதுக் கடகத்தில் பழைய வலையை மடித்துப் போட்டு, அதன்மேல் சீலை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, இன்னொரு வலைத்துண்டால் மேலே மூடுவார்கள். வள்ளம் ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து புறப்பட்டு அனலைதீவைத் தாண்டிப் புங்குடுதீவுப் பக்கமாகப் போகும். எதிரே இன்னொரு வள்ளம் வரும். அது அங்கே இறுப்பிட்டியில் இருக்கிற ஒரு சைவக் குடும்பத்தினுடையது. இரண்டும் பக்கம் பக்கமாக வந்ததும் அங்கே நிற்பவர், "என்ன கொண்டுவாறியள்?" என்று கேட்பார். எங்கள் ஆள், "ஒண்டுமில்லை, குப்பை" என்பார். கடகம் கைமாறும். அவர் அதைத் தன் வள்ளத்தில் சற்றுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருவார். தருகிறபோது எங்கள் ஆளின் உள்ளங்கையில் ஒரு பிடி தவிடு போடுவார். பிறகு இரண்டு வள்ளங்களும் வந்த வழியே திரும்பிவிடும். பெண்கள் இதற்குப் போவதில்லை. பங்குச் சுவாமிக்கும் இது சொல்லப்படுவதில்லை.

இதற்கு அப்பாவிடம் ஒரு கதை இருந்தது. யாழ்ப்பாணத்துக் கடைசி அரசனைப் போர்த்துக்கீசப் பறங்கியர் பிடித்தபோது அவனுக்குப் பால்குடி மறவாத ஒரு மகன் இருந்தான். அரசனின் ஆட்கள் அந்தப் பிள்ளையை ஒரு கடற்றொழிலாளியிடம் ஒப்படைத்தார்கள். அவன் பிள்ளையைக் கடகத்தில் வைத்து, வலையால் மூடி, வள்ளத்தில் கொண்டுவந்தான். எங்கள் கரைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிறதே கோட்டை, அதன் காவற்காரன் மறித்து, கடகத்துக்குள் என்ன என்று கேட்டான். ஒண்டுமில்லை, குப்பை என்றான் இவன். அப்பால் அரசனுக்கு விசுவாசமான ஒரு குடும்பத்தின் வள்ளம் காத்து நின்றது. அவர்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டுபோய் மறைத்துவைத்திருந்து, தேடுதல் அடங்கியதும் கடற்றொழிலாளியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பறங்கி, மீன்காரன் வீட்டில் போய் இளவரசனைத் தேடமாட்டான். அந்தப் பிள்ளையின் வழி நாங்கள்.

"அப்ப தவிடு?" என்று சின்னவயதில் கேட்டிருக்கிறேன்.

"அது திறை, பிள்ளை. பொன்னாய்க் குடுத்தால் பறங்கி கண்டுபிடிப்பான். அதுக்குத்தான் தவிடு."

என் அப்பா தன் பெயரை எழுதுகிறபோது மேசையோடு மல்லுக்கட்டுகிறவர் போலத் தெரிவார். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் கதிரையில் இருக்கிற விதமே வேறு. கரையில் மீன் வாங்க வருகிற முதலாளிமார் அவரை விலைக்கு நெருக்குவார்கள். அவர் நிமிர்ந்து நின்று, கொடுக்கமாட்டன் என்றால் கொடுக்கமாட்டார். ஒருநாள் ஒரு முதலாளி, "உமக்கு ராசாவெண்ட நினைப்போ?" என்று கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பதில் அந்தச் சிரிப்பில் இருந்தது.

அந்தக் கதையை உடுத்திக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். புலமைப்பரிசில் சித்தியடைந்து பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் கிழமையில், வாங்கில் பக்கத்திலிருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியிருந்தாள். நான் ராசவம்சம் என்று அவளுக்குச் சொன்னேன். இடைவேளைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை என் பட்டப்பெயர் ராசாத்தி. கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் நான் அதற்குத் திரும்பிப் பார்த்தேன், பதில் சொன்னேன், போகப்போக அந்தப் பெயருக்கேற்ற மாதிரி நடந்தும் காட்டினேன். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைக் கண்டவர் யாரும் இல்லை. நான் கம்பசுக்குப் போனேன். வேலை எடுக்கக்கூடிய பாடமாகப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வரலாறு எடுத்தேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

கம்பசில் ஒரு விரிவுரை எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. கொல்லப்பட்ட அரச குடும்பங்களைப் பற்றியது. ரஷ்யாவில் சுடப்பட்ட அரசனின் கடைசி மகள் தப்பிவிட்டாள் என்று எத்தனையோ வருடம் பேசினார்கள். அவள்தான் நான் என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பிரான்சில் சிறைக்குள் செத்த சிறுவன் தான்தான் என்று எத்தனையோ ஆண்கள் வந்தார்கள். இங்கிலாந்தில் கோட்டைக்குள் போன இரண்டு சகோதரர்கள் திரும்பி வரவில்லை; அவர்களுக்கும் ஒரு மறுபிறப்புக் கிடைத்தது. விரிவுரையாளர் வெண்கட்டியை வைத்துவிட்டு, கதையில் தப்புகிற பிள்ளைகள் பெரும்பாலும் தப்பாத பிள்ளைகள்தான் என்றார். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழும்பி, எங்களுடையது அப்படியல்ல என்று சொல்லக் கால் துடித்தது.

பிறகு நானே தேடி வாசித்தபோது இரண்டு விஷயங்கள் இடித்தன. பிடிபட்ட அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்; அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோய், வம்சம் தழைக்காதபடி துறவிகளாக்கினார்கள். மற்றது எங்கள் கண்முன்னே நிற்கிற கடற்கோட்டை. அரசன் பிடிபட்டுக் கனகாலத்துக்குப் பிறகுதான் பறங்கியர் அதைக் கட்டினார்கள். கட்டாத கோட்டையிலிருந்து ஒரு காவற்காரன் எப்படி மறிப்பான்? நான் இவற்றை ஒரு மூலையில் தள்ளிவைத்தேன். வாய்வழிக் கதைகளில் இடம் மாறும், கோட்டை மாறும், உள்ளே இருக்கிற சங்கதி மாறாது என்று எனக்கே ஒரு விரிவுரை நடத்திக்கொண்டேன். இப்போது நான் நாரந்தனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். அந்த மூலையைத் திரும்பிப் பார்க்கவேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

மச்சாள் காரைநகர். ஊர்காவற்றுறைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறினால் அக்கரையில் அவளுடைய தாய்வீடு. கலியாணமாகி வந்து அவள் பெற்ற முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடியே போய்விட்டது. அது பெண்பிள்ளை. இவன் இரண்டாவது. இவன் அழுதால் அவள் எழும்புவாள். அழாவிட்டாலும் எழும்பி மூக்கடியில் விரல்வைத்துப் பார்ப்பாள். இப்படிப்பட்டவளிடம் போய், பிள்ளையைக் கடகத்தில் வைத்து நடுக்கடலில் இன்னொருவர் கைக்குக் கொடுக்கப்போகிறோம் என்றார் அப்பா. தென்மேற்குச் சோளகக் காற்று எழும்புவதற்கு முன்பு முடிக்கவேண்டும் என்றும் சொன்னார். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வெங்காயத்தோடு தொடங்கிய சண்டை அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் வாய்க்கு வந்தது.

"மாமா, நான் தரமாட்டன்," என்றாள் மச்சாள். "கோபிக்காதேங்கோ. ஒரு அலை அடிச்சால் காணும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, முன்னூறு நானூறு வருஷமாக அலை அடிக்காத கடலா என்று கேட்டார். சின்னப்பிள்ளையில் தன்னைக் கொண்டுபோனபோதும் அலை இருந்தது என்றார். அண்ணை பிறந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து பட்டணத்தில் இருந்தோம், கடலுக்குப் போகத் தடை, வள்ளம் இல்லை. அப்படியிருந்தும் இறுப்பிட்டிக்காரரும் இடம்பெயர்ந்து வந்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு ஆண்களும் கடனீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடகத்தைக் கைமாற்றியிருக்கிறார்கள். ராசாவின் வழி வந்த பிள்ளைக்கு அதுகூடச் செய்யாவிட்டால் பிறகு என்ன மிச்சம் என்று அப்பா கேட்டார்.

"எனக்கு ராசா வேண்டாம், மாமா. உயிரோட ஒரு பிள்ளை காணும்."

அப்பா கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார். மச்சாள் அடுத்த நாளே பாதை ஏறித் தாய்வீட்டுக்குப் போவதாகவும், ஞானஸ்நானத்தன்று பிள்ளையோடு நேராகக் கோயிலுக்கு வருவதாகவும் சொன்னாள். ஞானஸ்நானம் முடிந்தால் இந்த வழக்கத்தைச் செய்ய முடியாது. அவள் அப்படிப் போனால் அப்பா கோயிலுக்கு வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணை எந்தப் பக்கம் நிற்பார் என்பது அண்ணைக்கே தெரியாது. அவர் மீன்துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடிந்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மச்சாள் என் பக்கம் திரும்பினாள். "மச்சாள், நீர் இதைத்தானே படிச்சனீர். ராசான்ர பிள்ளை தப்பினது உண்மையோ பொய்யோ எண்டு சொல்லும். உண்மையெண்டு நீர் சொன்னால் நான் குடுக்கிறன்."

"ஓம், அவள் சொல்லட்டும்," என்றார் அப்பா. "கம்பசில படிச்சவள்."

நான் படித்ததை அந்த வீட்டில் ஒருவர் ஒரு காரியத்துக்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் ஆம் என்றால் எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை நம்பி அவள் பிள்ளையைக் கொடுப்பாள். இல்லையென்றால் அப்பா அந்தக் கதிரையில் இனி எப்படி இருப்பார்? விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஆராய்ச்சிக்காரர் எல்லோரும் சொல்கிற பதில்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியை நேரே வீட்டுக்கு விடமாட்டேன். துறைமுகத்துக்குப் போய்க் கடற்கோட்டையைப் பார்ப்பேன். அங்கே இப்போது கடற்படை சுற்றுலாக்காரருக்கு அறை கொடுக்கிறது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மதிலில் துவாய் காயப்போட்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? திரும்பி நாரந்தனைவரை ஓடுவேன். சந்தியில் நிற்பேன். தேத்தண்ணி வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் கடகம் சிலவேளை மாதா படத்துக்குக் கீழே இருக்கும், சிலவேளை குசினியில் வெங்காயத்தோடு இருக்கும். மச்சாள் தாய்வீட்டுக்குப் போவதை என் பதிலுக்காகத் தள்ளிவைத்திருந்தாள். நான் உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை இறுப்பிட்டிக்குப் புறப்பட்டேன். அதை யாரும் அதுவரை செய்ததில்லை. இரண்டு குடும்பங்களும் கடலில் மட்டுந்தான் சந்திக்கலாம். ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்கக்கூடாது. எதிரி மோப்பம் பிடித்துவிடுவான் என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது என்று அப்பா சொல்லுவார். எதிரி போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, வேலணை தாண்டி, கடலை அறுத்துப் போகிற அந்த நீண்ட பாலத்தில் ஸ்கூட்டியை விட்டேன். இரண்டு பக்கமும் காற்று தள்ளியது.

வீடு பெரியது. முன்பக்கம் வெளிநாட்டுக் காசில் மாபிள் பதித்திருந்தார்கள். பின்பக்கத்து அறைகள் பூட்டியிருந்தன. அந்தக் குடும்பத்தார் முன்பு தெற்கே கடைவைத்திருந்தவர்கள். இப்போது ஆண்கள் பெரும்பாலும் கனடாவில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளிவிறாந்தையில் பாய் விரித்து, காயவைத்த பனங்கிழங்கு ஒடியலைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார், பார்சல் அனுப்ப. நான் யாருடைய மகள் என்று சொன்னதும் கையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் இஞ்ச வரக்கூடாதெல்லோ," என்றார். ஆனால் கதிரையைக் காட்டினார்.

நான் படித்தவள் பேசுகிற மாதிரிப் பேசினேன். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் இடையிலுள்ள வழக்கத்தின் வரலாற்றுப் பின்னணி, அரச வாரிசைக் காத்த உங்கள் முன்னோர், அது பற்றி உங்கள் பக்கத்தில் என்ன சொல்லப்படுகிறது என்றெல்லாம் கேட்டேன். அன்ரி என்று நான் கூப்பிட்ட அந்தப் பெண் நான் முடிக்கும்வரை ஒடியலைப் பொறுக்கிக்கொண்டேயிருந்தார்.

"ராசாவோ? ஆர் சொன்னது?"

"அப்பா. எங்கட ஆக்கள் எல்லாரும்."

அவர் சிரித்தார். குரூரமான சிரிப்பு இல்லை, ஆனால் நிற்க நேரமெடுத்த சிரிப்பு. பிறகு, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று நீர் கேள்விப்பட்டதேயில்லையா என்று கேட்டார்.

கேள்விப்பட்டிருக்கிறேன். யார்தான் கேள்விப்படவில்லை? சின்னவயதில் அண்ணையோடு சண்டைபிடித்தால், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது என்று அவர் என்னை அழவைப்பார். பட்டணத்துப் பள்ளிக்கூடத்திலும் ஒருத்தியை ஒருத்தி அப்படித்தான் சீண்டுவோம். ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறந்து பிறந்து போனால், அடுத்ததைக் குப்பை என்று சொல்லி வேற்றாருக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். யமன் வந்து பார்த்தால் அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்கள் உள்ளங்கையில் விழுந்த தவிட்டை நான் ஒருநாளும் அதோடு சேர்த்துப் பார்த்ததில்லை. மற்றவர்களுக்குத் தவிடு தவிடு, எங்களுக்குத் திறை.

"உங்கட வீட்டில ஆம்பிளைப் பிள்ளையள் உயிரோட நிக்கிறேல்லை, பிள்ளை," என்றார் அன்ரி. "அதுதான் எங்களுக்கு வித்தவை. நாங்கள் வாங்கி, வளர்க்கத் திருப்பிக் குடுத்தனாங்கள். வாங்கின ஆள் வித்த வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது. போனால் பிள்ளையை உரிமை கேட்டு வந்த மாதிரி."

அவருடைய தகப்பனார் கனடாவில் காலமாகும்வரை என் அப்பாவை 'எங்கட பெடியன்' என்றுதான் சொல்லுவாராம். அந்த வீட்டுத் தாத்தா வாங்கிய பிள்ளையல்லவா? ஊரிலிருந்து யார் தொலைபேசியில் பேசினாலும் எங்கட பெடியன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாராம். எனக்கு முகம் எரிந்தது. என் அப்பா, கரையில் முதலாளிமாருக்கு வளையாத என் அப்பா, இந்த மாபிள் வீட்டில் ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கப்பட்ட பெடியன்.

அப்போ அரசன் கதை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"எனக்கென்ன தெரியும். வித்த பிள்ளையெண்டு சொல்ல வெக்கமாக்கும்."

நான் எழும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இரும். உங்கட அம்மாவுக்கு முதல் ஒண்டு தவறினதெல்லோ. இடம்பெயர்ந்த நேரம்."

அது எனக்குத் தெரியும். அண்ணைக்கு முன்பு ஓர் ஆண்பிள்ளை. நாங்கள் ஓடித்திரிந்த காலத்தில் பிறந்து, காய்ச்சலில் போனது. கல்லறைத் திருநாளில் அம்மா ஒரு மெழுகுதிரி கூடக் கொளுத்துவார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"அப்ப ஆர் எங்க இருக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பேந்துதான் என்ர அப்பா கேள்விப்பட்டவர். அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை. நான் வாங்காமல் விட்டிட்டன், நான் வாங்காமல் விட்டிட்டன் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர்."

நான் மறுபடி கதிரையில் இருந்துவிட்டேன். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் முழுவதும் குடித்தேன். போகும்போது, இந்தமுறை யார் வருவார்கள் என்று கேட்டேன். அண்ணன்மார் கனடாவில், என்ர மனுசனுக்குக் கால் ஏலாது, நான்தான் வருவேன் என்றார். பெண்கள் வருவதில்லையே என்றேன்.

"தவிடு பிடிக்க ஒரு கை காணும், ராசகுமாரி," என்றார்.

பாலத்தில் திரும்பும்போது இரண்டு தடவை ஸ்கூட்டியை நிறுத்தினேன். கோபம் யார்மீது என்று பிடிபடவில்லை. வகுப்பில் சிரித்தவர்கள்மீதா, மூக்கைப் பொத்தியவள்மீதா, அன்ரிமீதா? விரிவுரையாளர் சொன்னது நினைவில் வந்து நின்றது. கதையில் தப்புகிற பிள்ளைகள் தப்பாத பிள்ளைகள். எங்கள் வீட்டில் எத்தனை தப்பவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியதெல்லாம் ஓர் இளவரசன்.

அப்பா வாசல் படலையடியில் நின்றார். நான் எங்கே போய்வந்தேன் என்று ஊகித்திருக்கவேண்டும்; என்னவாம் என்று கேட்டார். அவை வருவினம், வாறது ஒரு பெண் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மச்சாள் குசினியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ராசா இல்லை என்றேன். விற்றதைச் சொன்னேன், தவிட்டைச் சொன்னேன், அம்மாவின் முதல் பிள்ளையையும் அந்த மனிதர் சாப்பிடாமல் இருந்ததையும் சொன்னேன். அவள் சொன்ன வாக்கின்படி இப்போது கொடுக்கவேண்டியதில்லை. நாளைக்குப் பாதை ஏறலாம். அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

"வித்த பிள்ளையள் நிண்டதுகளோ?"

நின்றன என்றேன். அப்பா நின்றார், அண்ணை நின்றார். ஆனால் அது ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை என்றும் சொன்னேன். நின்றவர்கள்தான் கதை சொல்ல இருப்பார்கள். ஊசியும் மருந்தும் வந்தன. காய்ச்சல் தவிட்டைப் பார்த்து ஒதுங்காது. நான் படித்தது எனக்கு இதையும் சொல்லித் தந்திருக்கிறது. அவளுக்கு நான் முழுவதையும் சொல்லவேண்டும்.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது," என்றாள். "ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னதும் விளங்கினது. பெட்டிக்குள்ள இருந்ததுக்கு நான் ஒண்டுமே செய்யேல்லை, மச்சாள். செய்ய ஒண்டும் விடேல்லை." பிறகு கடகத்தைப் பார்த்தாள். "இதை முதலே ஆராவது சொல்லியிருந்தால் நான் வெங்காயம் கொட்டியிருக்கமாட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பிள்ளை பாலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான்.

"ராசாவுக்கெண்டால் குடுக்கமாட்டன். இதுக்கெண்டால் குடுப்பன். ஆனால் நான்தான் குடுப்பன்."

அதை அவள் அப்பாவிடம் தானே போய்ச் சொன்னாள். சரி மாமா, ஆனால் நானும் வருவேன், மச்சாளும் வருவா என்றாள். அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப கதை உண்மைதானோ, பிள்ளை?"

படலையடியிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கோட்டையும் கோவாவும் நாக்கு நுனிவரை வந்தன. அவருடைய கண்களில் ஒரு அவசரம் இருந்தது. நான் நினைத்திருந்த மாதிரிப் பெருமையின் அவசரம் இல்லை அது.

"பிள்ளை தப்பினது உண்மை, அப்பா," என்றேன்.

அவர் தலையாட்டினார். பெண்கள் வள்ளத்தில் ஏறுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விடியப் புறப்பட்டோம். அண்ணை இயந்திரத்தைப் பிடித்தார், அப்பா முன்பக்கம் அணியத்தில் இருந்தார், நடுவில் கடகத்தை மடியில் வைத்தபடி மச்சாள், அவளைப் பிடித்தபடி நான். காற்று நேரத்தோடு எழும்பியிருந்தது. அனலைதீவைத் தாண்டியதும் வள்ளம் விழுந்து விழுந்து எழும்பியது. மச்சாளின் உதடு வெளிறியிருந்தது. ஒவ்வோர் அலைக்கும் நான் வலையைத் தூக்கிப் பார்த்தேன். திரும்புவோமா என்று அண்ணை இரண்டு தடவை கேட்டார். மச்சாள் கடகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அந்த வள்ளம் எங்களுக்கு முன்னரே வந்து காத்திருந்தது. அன்ரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூலிக்கு அமர்த்திய ஓட்டியின் தோளைப் பிடித்தபடி நின்றார். வள்ளங்கள் முட்டின, விலகின, மறுபடி முட்டின.

"என்ன கொண்டுவாறியள்?"

பதில் சொல்லவேண்டியவர் அப்பா. அவர் கடகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லை," என்றாள் மச்சாள். "குப்பை."

சொல்லிவிட்டுத் தூக்கிக் கொடுத்தாள். கடகம் அன்ரியின் கைக்குப் போன அந்தக் கணத்தில் ஓர் அலை வந்து வள்ளங்களைப் பிரித்துவிட்டது. நடுவே தண்ணீர் அகன்றது. அண்ணை இயந்திரத்தை முறுக்கினார், அது திணறியது. மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி பல நாள் நீலமாக இருந்தது. எதிர் வள்ளத்தில் அன்ரி பலகையில் குந்தி, கடகத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கி, அதன்மேல் கவிழ்ந்திருந்தார். வலைக்குள்ளிருந்து பிள்ளை வீரிட்டான். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மறுபடி அண்டினோம். அன்ரி இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தார். அப்பா வழக்கப்படி உள்ளங்கையை நீட்டினார். அன்ரி அவரைத் தாண்டி மச்சாளின் கையில் தவிட்டைப் போட்டார். ஈரக்கையில் அது ஒட்டிக்கொண்டது. பிறகு கடகத்தைத் திருப்பித் தந்தபடி, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். அப்பாவின் கதையில் அது ஒருநாளும் வந்ததில்லை.

"இது எங்கட பிள்ளை. வளர்த்துத் தாங்கோ."

இதற்கு என்ன பதில் என்று மச்சாளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது அப்பா அணியத்திலிருந்து, நெடுநாள் மனப்பாடம் செய்தவர் போல, தடங்கலில்லாமல் சொன்னார்.

"உங்கட பிள்ளைதான். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

அன்ரி தலையாட்டினார். வள்ளங்கள் பிரிந்தன. அப்பா முகத்தைத் துறைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகை மட்டுந்தான் என்னால் பார்க்க முடிந்தது. கரை வரும்வரை அது நிமிர்ந்தே இருந்தது.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பதை நான் அன்று புரிந்துகொண்டேன். எப்போதிருந்து தெரியும், முதல் பிள்ளை போவதற்கு முன்பா பின்பா, அம்மாவுக்கும் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று பலதடவை அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போயிருக்கிறேன். அவர் பேரனை மடியில் வைத்து, கடைசி அரசனுக்குப் பால்குடி மறவாத ஒரு மகன் இருந்தான் என்று தொடங்கியிருப்பார். நான் வரலாற்று ஆசிரியை. அந்தக் கோட்டை அப்போது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் கோட்டை வரும் இடத்தில் எழும்பிப் போய்விடுகிறேன்.

ஞானஸ்நானத்துக்கு எல்லோரும் போனோம், அப்பாவும். மறுநாள் மச்சாள் வெங்காயத்தைக் கடகத்தில் கொட்டினாள். வழக்கப்படி அந்தக் கடகத்தைக் கூரையில் தூக்கிக் கட்டவேண்டும், யாரும் தொடக்கூடாது. அப்பா குசினிக்குள் வந்து பார்த்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தவிட்டை விரலால் துடைத்தார்.

"மூடிவையாதேங்கோ," என்றார். "காத்துப் படாட்டி அழுகிப்போகும்."